இரண்டு பூட்டுப் போட்ட படகு

சென்ற ஆண்டு தீபாவளி விடுமுறையில் நடந்தது இது. நான் சென்னையில் தமிழ் இலக்கியம் பயிலும் மாணவி. எங்கள் ஊர் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் சிற்றூர். செங்கல்பட்டுக்குப் போக வேண்டுமானால் கால்வாயைக் கடந்தாக வேண்டும். கோடையில் முழங்கால் நீரில் நடந்துவிடலாம். ஐப்பசி மழையில் படகு ஒன்றே வழி.

அந்தப் படகுத்துறை முன்பு ஜில்லா போர்டின் பொறுப்பில் இருந்தது. ஒரு பலகை உடைந்தாலும் செங்கல்பட்டுக்கு மனு எழுதிவிட்டுக் காத்திருப்போம். அது எங்கள் பஞ்சாயத்தின் கைக்கே வந்தபோது ஊரே மகிழ்ந்தது. ஆனால் படகை யாருக்குக் குத்தகைக்கு விடுவது என்பதில் சச்சரவு மூண்டது. பஞ்சாயத்துத் தலைவர் கதர் கட்டும் கட்சிக்காரர். எதிர் அணியை நடத்தியவர் கறுப்புச் சிவப்புக் கரைத் துண்டு போடுபவர். இருவரும் தேர்தலுக்குப் பின் முகம் பார்த்துப் பேசியதில்லை. முடிவாகும் வரை யாரும் படகை எடுக்கக் கூடாதென்று தலைவர் சங்கிலி போட்டுப் பூட்டினார். அவர் தம் ஆளுக்கு இரகசியமாகத் திறந்து கொடுத்துவிடுவார் என்று ஐயுற்ற மற்றவர், அதே சங்கிலியில் தம் பூட்டையும் மாட்டினார்.

அந்த நிலையில்தான் நிறைமாதமாயிருந்த என் அண்ணிக்குப் பிரசவ நோவு கண்டது. அண்ணன் வேலை நிமித்தமாகச் சென்னையில் இருந்தான். வயிற்றைத் தடவிப் பார்த்த மருத்துவச்சியின் முகம் மாறியது.

"கொயந்த குறுக்கால கீது. என் கையில இல்ல. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிகினு போங்க" என்றாள்.

பக்கத்து வீட்டார் கயிற்றுக் கட்டிலோடு அண்ணியைத் தூக்கித் துறைக்குக் கொண்டுபோனார்கள். பூட்டை உடைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். உடைத்தவன் எந்தக் கட்சி என்ற கேள்வி நாளை வரும் என்று இன்னொருவர் தயங்கினார். நான் சாவிகளுக்காகப் பஞ்சாயத்துக் கட்டடத்துக்கு ஓடினேன்.

நல்லவேளையாக இருவரும் அங்கேதான் இருந்தார்கள். அன்று படகுக் குத்தகைக்கான கூட்டம். அதைவிட நல்ல செய்தி, ஓடக்காரர் யார் என்பதில் இரு தரப்பும் உடன்பட்டுவிட்டன. எஞ்சியிருந்தது தீர்மானத்தின் முதல் வரி மட்டும். தலைவரின் பெயருக்கு முன்னால் 'ஸ்ரீ' போடுவதா, 'திரு' போடுவதா?

"இத்தினி நாளா ஸ்ரீதானே போட்டுகினு வந்தோம்? இப்ப இன்னா புதுசா?" என்றது ஒரு குரல்.

"ஒன் பேருக்கு நீ போட்டுக்க. ஊர் தீர்மானத்துல தமிழ்தான் இருக்கணும்" என்றது மறு குரல்.

நான் வாசற்படியில் நின்றேன். ஆண்கள் நிறைந்த அவையில் பிள்ளைப்பேற்றைப் பற்றி எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. சேலை நுனியை முறுக்கினேன். யாரும் திரும்பவில்லை. கடைசியில் தலைவரே என்னைக் கண்டார். முகம் மலர்ந்து, "அட, தமிழ் படிக்கிற பொண்ணு வந்துட்டுது! நீயே சொல்லும்மா, எது சரி?" என்றார்.

கறுப்புச் சிவப்புத் துண்டுக்காரரும் என்னையே பார்த்தார். விடுதியில் தோழிகளோடு பலமுறை வாதிட்ட பொருள் அது. ஒரு மணி நேரம் பேசுவதற்கு என்னிடம் சரக்கு இருந்தது.

"பெயர் மட்டும் போதும்" என்றேன். "துறையில் அண்ணி கிடக்கிறாள். குழந்தை குறுக்கே நிற்கிறது. உங்கள் இரண்டு சாவியும் வேண்டும்."

தலைவர் செருப்பைக்கூடத் தேடவில்லை. மற்றவர் அவருக்கு முன்பே படியிறங்கி ஓடினார்.

பூட்டுகள் திறந்தன. ஆனால் புதிய ஓடக்காரரைத் தேடி அழைத்துவர நேரமில்லை. இருவரும் ஆளுக்கொரு மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு படகின் இரு முனைகளில் நின்றார்கள். நானும் மருத்துவச்சியும் அண்ணியைத் தாங்கிக்கொண்டோம். படகு நகர்ந்ததும் பழைய பகை முன்னே வந்து உட்கார்ந்தது.

"தலைவரை அந்தாண்ட ஊனச் சொல்லும்மா" என்றார் ஒருவர் என்னிடம்.

"எனக்குத் தெரியும்னு சொல்லு" என்றார் மற்றவர், அவரும் என்னிடமே.

ஒருவர் வலப்பக்கம் ஊன்ற, மற்றவர் இடப்பக்கம் ஊன்ற, படகு நடு நீரில் தட்டாமாலை சுற்றியது. அந்த வலியிலும் அண்ணி பல்லைக் கடித்தபடி, "ரெண்டு பேரும் ஒரே பக்கமா தள்ளுங்க நைனா! கொயந்த தலை சுத்திப் பொறக்கப் போவுது" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. வெள்ளம் படகைக் குறுக்கே திருப்பியது. விளிம்பு தாழ்ந்து உள்ளே நீர் ஏறியது. அப்போதுதான் கறுப்புச் சிவப்புத் துண்டுக்காரர் கத்தினார்: "அண்ணாத்த, இடது கைப் பக்கம் ஊனு! நான் தாங்கிக்கிறேன்!"

"ஊனிட்டேன், நீ விடாதே தம்பி!" என்று பதில் வந்தது.

இடையில் நான் தேவைப்படவில்லை. படகு நிமிர்ந்து கரையைத் தொட்டது.

அக்கரையில் மாட்டு வண்டி கிடைத்தது. சாலையை அடைந்ததும் அதன் வேகம் போதாதென்று தெரிந்தது. ஓர் உப்பு லாரி வந்தது. இரு தலைவர்களும் சாலை நடுவே நின்று தத்தம் துண்டை உயர்த்தி வீசினார்கள். ஓட்டுநர் தலையை நீட்டி, "இன்னா சாமி, ரெண்டு கட்சியும் சேந்து மறியலா?" என்றார். கட்டிலைக் கண்டதும் இறங்கி வந்து தாமே ஒரு பக்கம் தூக்கினார்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கதவு மூடிக்கொண்டது. அந்தத் தாழ்வாரத்தில் நாங்கள் இருந்த நேரத்தை எதைக்கொண்டு அளப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தலைவர் எழுவார், நடப்பார், உட்காருவார். அவர் உட்கார்ந்ததும் மற்றவர் எழுவார். நான் சுவரில் இருந்த அறிவிப்பைப் படித்துப் படித்து, ஒரு சொல்லும் மனத்தில் பதியாமல், மறுபடியும் படித்தேன்.

பொழுது சாய்வதற்குள் நர்ஸம்மாள் வெளியே வந்தார். "அந்தப் பொண்ணோட வூட்டு ஆம்பள யாரு?"

இருவரும் ஒருசேர எழுந்து நின்றார்கள்.

நர்ஸம்மாள் குழம்பி என்னைப் பார்த்தார். "எங்க ஊர்ப் பொண்ணும்மா" என்றார் தலைவர். மற்றவர் தலையசைத்தார். பெண் குழந்தை, தாயும் நலம். இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் தாய், சேய் இருவருமே மிஞ்சியிருக்க மாட்டார்கள் என்று டாக்டர் பின்னர் சொன்னார்.

அதற்குப்பின் அவர்கள் நண்பர்களாகிவிட்டார்கள் என்று எழுத ஆசைதான். இல்லை, மேடையில் இன்றும் ஒருவரையொருவர் கிழிக்கிறார்கள். ஆனால் ஊர்க் காரியம் என்றால் இருவரும் ஒரே வண்டியில் தாலுகா ஆபீசுக்குப் போகிறார்கள், வழியெல்லாம் வாதிட்டுக்கொண்டே.

நான் இன்னும் சொற்களை நேசிப்பவள்தான்; எது சரியான சொல் என்று வாதிடுவதையும் விட்டுவிடவில்லை. ஆயினும் எந்தக் கூட்டத்திலாவது ஒரு சொல்லுக்காகப் பேச்சு நீளும்போது என்னால் அமைதியாக உட்கார முடிவதில்லை. சொல்ல வாயெழாமல் யாரேனும் வாசற்படியில் நிற்கிறார்களா என்று என் கண்கள் தாமாகவே திரும்பிப் பார்க்கின்றன.