என் புத்தகத்தில் இருந்த சாமி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், சேலத்தில் நடந்தது இது. ஃபேர்லேண்ட்ஸில் ஒரு ஓட்டலின் மாடி ஹாலில் எழுத்தாளர் சந்திப்பு ஒன்று ஏற்பாடு செய்திருந்தார்கள். எழுதி வைத்துக்கொண்டு அச்சுக்கு வழி தெரியாமல் இருப்பவர்கள் நேரில் வந்து பதிப்பாளர்களோடும் இலக்கிய முகவர்களோடும் பேசலாம் என்று அறிவிப்பு. முகவர் என்றால் எனக்கு அதுவரை இன்சூரன்ஸ் முகவரைத்தான் தெரியும். விசாரித்தபோது, லாரிக்கு லோடு பிடித்துத் தரும் புக்கிங் ஆபீஸ் மாதிரி, புத்தகத்துக்குப் பதிப்பகம் பிடித்துத் தருகிறவர் என்றார்கள். அப்படிச் சொன்னதும் பளிச்சென்று விளங்கிவிட்டது, நான் லாரிக்காரன்.

நாமக்கல்தான் எனக்கு ஊர். வாலிப வயதிலிருந்து வடநாட்டு லைனில் வண்டி ஓட்டினேன். திரும்பி வர லோடு கிடைக்காமல் ஏதாவது ஒரு ஊரில் நாள் கணக்கில் கிடக்க வேண்டியிருக்கும். மற்றவர்கள் சீட்டாடுவார்கள், நான் படிப்பேன். படித்துப் படித்து எழுதுகிற ஆசையும் ஒட்டிக்கொண்டது. இதை வெளியே சொன்னால் கிண்டல் செய்வார்கள் என்று ரொம்ப நாள் வாயே திறக்கவில்லை.

எங்களுக்கு ஒரே மகள். எங்கள் பக்கம் பிள்ளைகளைச் சாமி என்றுதான் கூப்பிடுவோம். பெரியவர்களையும் அப்படிக் கூப்பிடுவதுண்டு. வா சாமி, தூங்கு சாமி, அழாத சாமி என்றே ஒரு குழந்தை வளர்ந்துவிடும். அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் அழகான ஒரு பெயர் இருந்தது. வீட்டில் அதற்கு வேலையே இருக்கவில்லை. நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓட்டும்போதெல்லாம் அவளோடு பேசிக்கொண்டே போவேன். எந்த ஊர், என்ன மழை, எந்த ஆற்றுப் பாலம் என்று எல்லாம் சொல்ல வேண்டும் அவளுக்கு. நாலாவது படிக்கும்போது காய்ச்சல் வந்தது. நான் நாக்பூருக்கு அந்தப் பக்கம் லோடோடு இருந்தேன். வண்டியை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு ஊர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அதற்குப் பிறகும் சில காலம் வண்டி ஓட்டினேன். ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு அவளோடு பேசினேன். கூட வந்த டிரைவர் நான் வீட்டுக்குப் பேசுகிறேன் என்று நினைத்திருப்பார். அப்படிப் பேசினதைத்தான் புத்தகமாக எழுதினேன். எழுதும்போது அவள் பெயரை எழுத மட்டும் கை வரவில்லை. அதனால் புத்தகம் முழுக்க அவள் சாமிதான்.

என் மனைவி அதில் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. "எழுதறது உங்க இஷ்டங்க. என்னையப் படிக்கச் சொல்லாதீங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். பிள்ளை போனதிலிருந்து எங்கள் வீட்டில் அவளைப் பற்றிய பேச்சே கிடையாது. சொந்தக்காரர்கள் வந்தாலும் பார்த்துப் பார்த்துத்தான் பேசுவார்கள். ஆனாலும் சேலத்துக்கு என்னைத் தனியாக அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. நானும் வாரேன் என்று கிளம்பிவிட்டாள்.

போய் இறங்கியதும் என் சட்டையில் ஒரு அட்டையைக் குத்திவிட்டார்கள். என் பெயருக்குக் கீழே எழுத்தாளர் என்று போட்டிருந்தது. மனைவி அதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், உங்கள் புத்தகம் எதைப் பற்றி என்று கேட்டார். லாரி ஓட்டுவதைப் பற்றி என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்வது, முன்பின் தெரியாதவரிடம்?

ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடம். நேரம் முடிந்தால் மணி அடிப்பார்கள். எங்களிடம் முன்கூட்டியே ஒரு அத்தியாயத்தை வாங்கி, சென்னையில் ஆள் வைத்து ஆங்கிலத்தில் மாற்றியிருந்தார்கள். மகள் போன பிறகு நான் அவளோடு பேசிக்கொண்டு போகிற அத்தியாயத்தைத்தான் கொடுத்திருந்தேன். மொழிபெயர்த்த தாள்கள் எனக்கும் வந்திருந்தன. என் இங்கிலீஷ் செக்போஸ்ட்டோடு சரி. தாள் வெள்ளை வெளேரென்று இருக்கிறது, எழுத்து நேராக இருக்கிறது என்று பார்த்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன்.

எனக்கு ஒதுக்கியிருந்த முகவர் பெங்களூரிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா. நாற்பது வயது இருக்கும். தமிழ் பேசுவார், படிக்க அவ்வளவாக வராது என்று அவரே சொன்னார். மனைவியையும் கூடவே உட்காரச் சொன்னார். என் தாள்களில் நிறைய இடங்களில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். கோடு என்றால் தப்பு என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தது.

ஆனால் அவர் முகமெல்லாம் சந்தோஷமாக, "சார், ரெண்டு தடவை படிச்சேன். இப்படி ஒண்ணு நான் படிச்சதே இல்ல. ஒரு டிரைவர், வண்டியில இருக்கற கடவுள்கிட்ட, ஒரு குழந்தைகிட்ட பேசற மாதிரி பேசிட்டே போறார். கடவுள் பதிலே சொல்லல. ஆனா அவர் நிறுத்தல" என்றார்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. படித்தவர்கள் எதையும் இப்படிச் சுற்றி வளைத்துத்தான் சொல்வார்கள் போல என்று தலையாட்டி வைத்தேன். அவர் தாளைப் புரட்டி, ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் மெதுவாகச் சொல்லிக் காட்டினார்.

"கடவுளே, சாப்பிட்டியா? கடவுளே, ஸ்வெட்டர் போட்டுக்கோ, இங்க பனி கொட்டுது. கடவுளே, தனியா இருக்க பயமா இருக்கா?" அவர் நிமிர்ந்து பார்த்து, "கடவுளுக்கு ஸ்வெட்டர். எப்படி சார் தோணுச்சு உங்களுக்கு?" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. சாமி என்று நான் எழுதிய இடத்திலெல்லாம் கடவுள் என்று போட்டிருக்கிறார்கள். மொழிபெயர்த்தவரைக் குறை சொல்ல முடியாது. அத்தியாயம் தொடங்கும்போதே வண்டியில் இருக்கிற முருகன் படத்துக்கு நான் ஊதுபத்தி கொளுத்துகிறேன். அடுத்த வரியே, சாமி, சாப்டியா என்று வருகிறது. எங்கள் பேச்சு தெரியாதவர் வேறு எப்படிப் புரிந்துகொள்வார்? பெயரும் எழுதாமல், மகள் என்றும் எழுதாமல் விட்டவன் நான்தான்.

சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பக்கத்திலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"அது கும்புடற சாமி இல்லீங்கம்மா. எங்க புள்ளைங்க."

முகவர் திரும்பிப் பார்த்தார். என் மனைவி அழவில்லை. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். "எங்க பக்கத்துல கொழந்தைங்களச் சாமின்னுதானுங்க கூப்புடுவோம். கோயல்ல இருக்கற சாமிக்கு யாராச்சும் ஸ்வெட்டர் போட்டுக்கச் சொல்லுவாங்களாங்க? அது எங்க புள்ளைக்குச் சொன்னதுங்க. பனி ஒத்துக்காதுங்க அவளுக்கு. இப்ப அவ இல்லீங்க."

நான் எழுதியதை அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. அதுவும் இன்னொரு பாஷைக்குப் போய், தப்பாகத் திரும்பி வந்த வரிகள். அப்படியும் அது யாருக்குச் சொன்னது என்று அவளுக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது.

அந்த அம்மா தாள்களைத் திரும்ப ஒருமுறை முதலிலிருந்து பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் மாறியது. மன்னிச்சுக்குங்க என்று எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னார். பிறகு தயங்கித் தயங்கித்தான் அடுத்ததைச் சொன்னார்.

"சார், உங்ககிட்ட பொய் சொல்ல எனக்கு வரல. அந்தத் தப்புதான் என்னை நிறுத்தி வச்சுப் படிக்க வச்சுது. இது கடவுளாவே இருக்கட்டும்னு நீங்க சொன்னா, புத்தகத்தை நான் இன்னிக்கே எடுத்துக்கறேன், வெளிநாட்டுல கூட வரும். பிள்ளையை இழந்த அப்பான்னா, அந்த மாதிரி நிறைய வருது. படிச்சுட்டுப் பாவம்னு சொல்லி ஒதுக்கி வச்சிடறாங்க."

ஆசை வரவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். பெங்களூரிலிருந்து வந்த ஒருவர் என் எழுத்தை எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். ஒரு வார்த்தையை அப்படியே விட்டால் போதும். புதிதாக நான் ஒன்றும் செய்யக்கூட வேண்டாம். நான் யோசிப்பதைப் பார்த்து அவர், "உங்களைக் கஷ்டப்படுத்தச் சொல்லல சார். அவ தெய்வமாயிட்டான்னு வச்சுக்கலாமே" என்றார்.

எங்கள் ஊரிலும் துக்கத்துக்கு வந்தவர்கள் இதையேதான் சொன்னார்கள். குழந்தை தெய்வமாகிவிட்டது, கும்பிட்டுக்கொள்ளுங்கள் என்று. ஆறுதலுக்குத்தான் சொன்னார்கள். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. இந்த அம்மாவின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது தெரிந்தது.

"வேண்டாங்க. தெய்வத்துக்குப் பசிக்காதுங்க, குளுராதுங்க, பயமும் கெடையாதுங்க. எம் புள்ளைக்கு எல்லாமே உண்டுங்க. இந்தப் பொஸ்தகத்துல அவ பேருகூட இல்ல. இந்த ஒரு வார்த்தைதான் அவ. இதையும் மாத்திப்போட்டா, அவ எங்கீங்க இருப்பா?"

முகவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சாமின்னே விட்டா இங்கிலீஷ்ல படிக்கறவங்களுக்குப் புரியாது சார்" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். அதற்கும் என் மனைவிதான் பதில் சொன்னாள்.

"புரியாட்டிக் கேட்டுக்கட்டுங்க. கேட்டாச் சொல்லலாம்."

மணி அடித்தார்கள். அந்த அம்மா எழுந்து நின்று மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். இதை எடுத்துக்கொள்ளத் தன்னால் முடியாமல் போகலாம், ஆனால் தமிழில் கட்டாயம் கொண்டு வாருங்கள் என்றார். அவர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை. முடியாது என்பதை முகத்துக்கு நேராகச் சொல்கிறவர்கள் எத்தனை பேர்? எங்களுக்கு அடுத்து அந்த ஆசிரியர் காத்திருந்தார். என்ன ஆச்சுங்க என்று கேட்டவரிடம், ஆகவில்லை என்று கையை விரித்துக் காட்டிவிட்டு வெளியே வந்தோம்.

கீழே டீக்கடையில் டீ குடித்தோம். அங்கிருந்து புது பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நாமக்கல் பஸ்ஸில் ஏறினோம். சேர்ந்தாற்போல் இடம் கிடைக்கவில்லை. மனைவி ஒரு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள், எனக்கு அதற்கு முன் சீட் கிடைத்தது. மல்லூர் தாண்டியிருக்கும். அந்த அம்மா எல்லோரும் கேட்கிற மாதிரிதான் கேட்டார், எந்த ஊருங்க, எங்க போயிட்டு வர்றீங்க, எத்தனை பசங்க என்று.

இந்தக் கேள்வி வருகிற இடங்களை நாங்கள் இருவரும் வருடக்கணக்கில் தவிர்த்து வந்திருக்கிறோம். கல்யாண வீட்டுப் பந்தியில்கூட ஓரமாகத்தான் உட்காருவோம். தப்ப முடியாமல் யாராவது கேட்டுவிட்டால் மனைவி இல்லீங்க என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு வேறு பக்கம் பார்ப்பாள். நானும் அப்படித்தான் சொல்வேன். அன்றும் அந்த வார்த்தை வரும் என்று எதிர்பார்த்து, நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒரு பொண்ணுங்க" என்றாள் மனைவி. "நாலாவது படிக்கறப்பக் காய்ச்சல்ல போயிட்டாளுங்க."

அந்த அம்மா ஐயோ சாமி என்றார். வேறு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, எப்படி இருப்பாள் என்று கேட்டார். மனைவி சொல்ல ஆரம்பித்தாள். ரெட்டைச் சடை போட்டுவிட்டால் பள்ளிக்கூடம் போவதற்குள் ஒன்றை அவிழ்த்துவிடுவாள், கத்தரிக்காய் என்றால் ஆகாது, அப்பன் போன் வந்தால் சோற்றுக் கையோடு ஓடுவாள். எனக்கே தெரியாத விஷயங்கள் எத்தனையோ அதில் இருந்தன. நான் ரோட்டில் கழித்த நாட்களில் நடந்தவை அவை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவள் நிறுத்திவிடுவாளோ என்று பயம். கண்ணைத் துடைக்கக்கூடக் கையை எடுக்காமல் நாமக்கல் வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தேன்.

புத்தகம் இன்னும் அச்சாகவில்லை. ஒரு சின்னப் பதிப்பகத்தில் கொடுத்திருக்கிறேன், பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். வந்தால் சந்தோஷம். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டவர்களிடமெல்லாம் இல்லை, இல்லை என்று சொல்லிச் சொல்லி, போன பிள்ளையை நாங்களும் எங்கள் வாயாலேயே அனுப்பிக்கொண்டிருந்தோம் என்பது அந்த பஸ்ஸில்தான் எனக்கு விளங்கியது. இப்போது எத்தனை பிள்ளைகள் என்று யார் கேட்டாலும் ஒன்று என்கிறேன். அதைச் சொல்ல ஒவ்வொரு தடவையும் மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.