விரலில் ஒட்டிய வெள்ளைப் பூ

கெலுகோர் போகும் சாலையோரப் புதரில் இரண்டு வெள்ளைப் பூக்கள் கலந்து பூக்கும். இரண்டுக்கும் ஐந்து இதழ், ஒரே உயரம், ஏறக்குறைய ஒரே இலை. ஒன்று வெறும் களை. மற்றது கொடிவேலி. அதன் வேரை அரைத்துத் தோலில் வைத்தால் சூடு பட்டதுபோலக் கொப்பளித்துப் புண்ணாகிவிடும்.

ஜப்பான்காரன் காலத்தில் அந்தப் புண்ணுக்காக நாயாக அலைந்தேன். சயாமில் ரயில் பாதை போட எங்கள் தெருவிலும் ஆள் எடுத்தார்கள். பட்டியலில் என் கணவர் பெயர் இருந்தது. அதற்கு முன் போனவர்களிடமிருந்து ஒரு கடுதாசிகூட வரவில்லை. காலில் புண் இருந்தால் மட்டும், தொற்றிக்கொள்ளும் என்று பயந்து தள்ளிவிடுவார்கள்.

நான் அப்போது சூலியா தெருக் கடை ஒன்றுக்குக் காகிதப் பை ஒட்டிக்கொண்டிருந்தேன். மரவள்ளி மாவில் காய்ச்சிய பசை. கூட உட்கார்ந்து ஒட்டும் அக்கா தன் புருஷனை இந்த வேரால்தான் காப்பாற்றியிருந்தாள்.

"பூவுக்கு அடியில தொட்டுப் பாரு. வெரல்ல ஒட்டுனா கொடிவேலி. ஒட்டலன்னா விட்டுரு லா," என்றாள்.

மறுநாள் விடிந்ததும் ஓடினேன். சாலை முனையில் துப்பாக்கியோடு சிப்பாய் நின்றான். செடிகள் பனியில் நனைந்திருந்தன. ஒரு பூவைத் தொட்டேன், ஒட்டியது. அடுத்ததும் ஒட்டியது. முருகா, கண் திறந்தாயே என்று இரண்டு செடிகளை வேரோடு பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டேன்.

அரைத்து அவர் காலில் வைத்துக் கட்டினேன்.

"எரியுதாங்க?"

"உன் ரசத்த விடவா புள்ள?"

சிரிக்க முடியவில்லை. மறுபடி கேட்டேன். என் முகத்தைப் பார்த்தார். "எரியுது, எரியுது. போய் வேலையப் பாரு," என்று பல்லைக் கடித்துக் காட்டினார்.

மறுநாள் கட்டை அவிழ்த்தால், மண் நிறக் கறை மட்டும். துடைத்ததும் கால் வழுவழுவென்று இருந்தது. பத்து மணிக்கு லாரியில் ஏற்றினார்கள். "அழாத புள்ள, வந்துருவேன்," என்றார்.

லாரி போன பிறகு முகம் கழுவப் போனேன். விரல் நுனியில் காய்ந்து கிடந்த பசை, தண்ணீர் பட்டதும் பிசுபிசுத்தது. அடிப் பாவி! பனியில் நனைந்து ஒட்டியது பூ இல்லை, என் விரல்.

கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு அதே புதருக்கு ஓடினேன். நான் பிடுங்கிய குழிக்கு ஒரு சாண் தள்ளி ஒரு பூ. தொட்டேன். உதறியும் விரலை விட்டுப் போகவில்லை.

அவர் திரும்பவில்லை. விதி என்று ஊரில் ஆறுதல் சொன்னார்கள். விதியாவது மண்ணாங்கட்டியாவது! எரியாத காலை வைத்துக்கொண்டு எனக்காக எரியுது என்றாரே, அதைத்தான் இன்றுவரை தாங்க முடியவில்லை.