நடுவில் விழுகிற ரிங் யாருக்கு?

1. ஒரு வளையம், இரண்டு கை

வேலூரில் ஜில்லா செலக்‌ஷன் மேட்ச். நான் பயிற்சி கொடுக்கிற பிள்ளைகள் இருவரும் ஒரே ரிங்கைப் பிடித்துக்கொண்டு கோர்ட் நடுவில் நின்றார்கள். ஒரு பக்கம் ஜெயந்தியின் கை, மறுபக்கம் மும்தாஜின் கை. அம்பயர் விசில் ஊதி, பாயின்ட்டை எதிர்ப்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டார். ரிங் டென்னிஸ் டபுள்ஸில் ஒருத்திதான் பிடிக்க வேண்டும். பிடித்த கையாலேயே உடனே திருப்பி எறிய வேண்டும். இரண்டு பேர் கை பட்டால் ஃபால்ட். இது தெரியாத பிள்ளைகள் இல்லை. பாயின்ட் போன பிறகும் இருவரும் கையை எடுக்கவில்லை.

"விடுடி. நடு என்னுது. டீச்சர் சொல்லியிருக்காங்க" என்றாள் மும்தாஜ்.

"எல்லாம் உனக்கேதான் சொல்லுவாங்க. நான் எதுக்கு வந்தேன், வேடிக்கை பாக்கவா?"

எதிர்ப்பக்கத்து வேலூர் கோச் உட்கார்ந்த இடத்திலிருந்தே சிரித்தார். "இன்னா டீச்சர், உங்க பொண்ணுங்களுக்குள்ளயே தனியா ஒரு மேட்ச் நடக்குதா?"

அவருக்குச் சிரிப்பு வராமல் என்ன செய்யும்? அவருடைய பள்ளிக்கூடத்தில் சிமென்ட் கோர்ட். பையில் புது ரிங் அரை டஜன். என் பிள்ளைகள் ஆடுவது மண் தரையில். அதையும் கார்த்திகை தீபம் வந்தால் பந்தோபஸ்து போலீஸுக்கு டென்ட் அடிக்கக் கொடுத்துவிடுவார்கள். அவர் பையையே பார்த்துக்கொண்டிருந்ததில் டைம்‑அவுட் கேட்க மறந்துபோனேன்.

அன்று வெற்றி தோல்வி மட்டும் பிரச்சினை இல்லை. மும்தாஜின் அத்தா கரீம் பாய் ஒரு நிபந்தனை போட்டுத்தான் அவளை அனுப்பியிருந்தார். ஜில்லா டீமில் சேர்ந்து ஆடினால் பத்தாவதுக்குப் பிறகும் படிக்க வைப்பார். இல்லையென்றால் பரீட்சையோடு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

2. சேர்க்க வருகிறவர்களுக்கு முதலில் சில விஷயங்கள்

திருவண்ணாமலையில் பெண்கள் பள்ளி ஒன்றில் நான் பி.டி. டீச்சர். எங்களுக்கும் ஜில்லா தலைநகர் வேலூர்தான். வேலைக்கு வந்து ஐந்து வருஷம் ஆகிறது. ஜூன் மாதம் வந்தால் "எம் பொண்ணையும் ரிங்ல சேத்துக்குங்க" என்று அம்மாக்கள் வருகிறார்கள். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை கட்டிவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

டிபன் தட்டு அளவுக்கு ஒரு ரப்பர் வளையம். நடுவில் ஆள் உயரத்துக்கு வலை. அந்தப் பக்கத்திலிருந்து வருவதைத் தரையில் விழவிடாமல் பிடித்து இந்தப் பக்கத்திலிருந்து எறிவது, அவ்வளவுதான் ஆட்டம். எளிது என்று நினைத்து வருகிறவர்கள்தான் ஜாஸ்தி. முதல் மாதம் விரல் வீங்கும். மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டு மறுநாள் அனுப்பிவையுங்கள்; வீக்கம் போய்விடும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். கண்ணாடி வளையல் போட்டு அனுப்பாதீர்கள், ரிங் பட்டு உடைந்தால் மணிக்கட்டைக் கிழித்துவிடும். "வெறுங்கையா எப்படி டீச்சர் அனுப்பறது?" என்று ஜெயந்தியின் அம்மா என்னோடு ஒரு வாரம் சண்டை போட்டார். கடைசியில் இடது கைக்கு மட்டும் ரப்பர் வளையல் என்று ராஜியானோம். தாவணியா, பைஜாமாவா, எதுவானாலும் இடுப்பில் இறுக்கிச் செருகத் தெரிந்திருக்க வேண்டும். மும்தாஜ் முழுக்கை ஜிப்பாவோடுதான் ஆடினாள். ஆட்டத்துக்கு அதனால் ஒரு குறையும் இல்லை.

இதெல்லாம் சின்ன விஷயம். கையில் வருகிற வீக்கத்துக்கு மஞ்சள் இருக்கிறது.

3. வீட்டில் கேட்கிற கேள்வி

டபுள்ஸில் இருவர் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். நடுவில் விழுகிற ரிங் யாருக்கு என்பதை முன்பே முடிவு செய்துவிட வேண்டும். இருவருமே வலது கைக்காரர்கள் என்றால் இடப்பக்கம் நிற்கிறவளுக்குத்தான் நடு. அவளுடைய வலது கைதான் நடுவை ஒட்டி இருக்கிறது. ஆகவே இடப்பக்கம் நின்ற மும்தாஜுக்கு நடுவைக் கொடுத்தேன். இதில் பாசமும் இல்லை, பட்சபாதமும் இல்லை.

ஜெயந்தியின் அம்மா கமலாவுக்கு அது அப்படித் தெரியவில்லை. தினமும் சாயங்காலம் பால் வாங்குகிற சாக்கில் வந்து வேலிக்கு வெளியே நிற்பார். கையில் தூக்கு, கண் முழுக்க கோர்ட்டில்.

"டீச்சர், அந்தப் பொண்ணு பத்து புடிச்சா எம் பொண்ணு நாலுதான் புடிக்குது. ஏன்?"

"அவ நிக்கிற இடம் அப்படிங்க."

"அப்ப எம் பொண்ண அங்க நிக்க வைங்க."

"மும்தாஜ் உயரம்மா. நடுவுல அவ கை எட்டும்."

"உயரம் ஜாஸ்தியா இருந்தா அவங்க வீட்டுக்கு. ஒசரம் இல்லன்னா எம் பொண்ணு கொறச்சலா போயிட்டாளா?"

வீட்டுக்குப் போனதும் ஜெயந்தியிடம் அவர் கேட்கிற முதல் கேள்வி, "இன்னிக்கு நீ எத்தினி புடிச்ச?" சாப்பாடு அதற்குப் பிறகுதான். இதை ஜெயந்தியே என்னிடம் சொன்னாள்.

பாய் வீட்டிலும் அதே கேள்விதான். தேரடிப் பக்கம் அவருக்கு வாடகை சைக்கிள் கடை. மைதானத்துப் பக்கம் அவர் வந்ததே இல்லை. பஞ்சர் ஒட்டிக்கொண்டே மகளைக் கேட்பார்: "நீ எத்தினி, அந்தப் பொண்ணு எத்தினி?" மும்தாஜின் படிப்பே அதில் தொங்கிக்கொண்டிருந்ததால் அவளும் கணக்கை ஏற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. ஏற்றிச் சொன்னதை மறுநாள் உண்மையாக்க, ஜெயந்தியின் பக்கம் போகிற ரிங்கையும் பாய்ந்து பிடித்தாள்.

இரண்டு வீட்டிலும் கேட்ட கேள்வி வேலூர் வரைக்கும் பஸ் ஏறி வந்துவிட்டது. அன்றைக்குக் கோர்ட் நடுவில் நான் பார்த்தது அதைத்தான்.

4. ஒரு பெயர் மட்டும்

மேட்ச் தோற்றோம். ஆனால் செலக்‌ஷனில் ஜோடியைப் பார்க்க மாட்டார்கள், ஆளைத்தான் பார்ப்பார்கள். சாயங்காலம் பெயர் வாசித்தபோது மும்தாஜின் பெயர் வந்தது. ஜெயந்தியின் பெயர் வரவில்லை.

ஜில்லா ஜெர்சியை என் கையில்தான் கொடுத்தார்கள். நீலத்தில் வெள்ளைப் பட்டை. காலேஜில் படிக்கும்போது இந்த ஜெர்சிக்காக மூன்று வருஷம் இதே ஊருக்கு வந்திருக்கிறேன். மூன்று தடவையும் ரிசர்வ். மும்தாஜிடம் கொடுப்பதற்கு முன்னால் அதை என் தோளில் வைத்துப் பார்த்தேன். கச்சிதமாக இருந்தது. என்னுடைய மாணவிதான், நான் கற்றுக்கொடுத்த கைதான். இருந்தாலும் வயிறு எரிந்தது. அவளுக்கு இன்னும் பதினாறு வயதுகூட ஆகவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜெயந்தி ஜன்னல் பக்கம், மும்தாஜ் இந்தக் கோடி, நடுவில் நான். பஸ் போளூர் தாண்டியது. பிறகு ஜெயந்திதான் கேட்டாள், வெளியே பார்த்தபடியே: "அந்த ஜெர்சி துணி வழுவழுன்னு இருக்குமா, சொரசொரன்னு இருக்குமா?"

மும்தாஜ் பையைத் திறந்து நீட்டினாள். ஜெயந்தி தொட்டுப் பார்த்துவிட்டு, "சொரசொரப்புதான்" என்று திருப்தியாகச் சொல்லி, திரும்பிக்கொண்டாள்.

5. சைக்கிள் கடையில்

செலக்ட் ஆனால் போதாது. பத்தாவது பரீட்சை முடிந்ததும் வேலூரில் மூன்று வாரம் கேம்ப். போகாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். மறுநாள் காலையிலேயே பாய் கடைக்குப் போனேன்.

அவர் ஒரு சக்கரத்தைக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ். சந்தோஷம் டீச்சரம்மா. ஆனா தனியா அனுப்ப மாட்டேன்" என்றார்.

"பாய், செலக்ட் ஆனா விடறேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். ரெண்டு பொண்ணும் சேந்து போவும்னு நெனச்சு சொன்னேன். வயசுப் பொண்ணு, வெளியூரு, மூணு வாரம். அவங்க அம்மாவுக்கு உடம்பு சுகமில்ல. நான் கடைய மூடினா அன்னிக்கு அடுப்பு எரியாது. நீங்க கூட இருப்பீங்களா?"

அப்போது எனக்குக் கீழ் வகுப்புகளுக்குப் பரீட்சை ட்யூட்டி. லீவு கிடைக்காது என்று ஹெட்மிஸ்ட்ரஸ் முன்பே சொல்லிவிட்டார். அதைச் சொன்னேன். உள்ளே தடுப்புத் திரைக்குப் பின்னால் மும்தாஜ் நிற்பது தெரிந்தது, திரைக்குக் கீழே அவள் பாதம் மட்டும்.

அந்த நேரத்தில்தான் தூக்கோடு கமலா வந்து சேர்ந்தார். பால் கடை எதிர்ச்சாரியில். என்னைப் பார்த்ததும் கால் இந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

"இன்னா பாய், பொண்ணுக்கு யோகம் அடிச்சிருக்கு. ஸ்வீட் இல்லியா?"

"போகல தங்கச்சி. தொணைக்கு ஆள் இல்ல."

கமலாவின் முகத்தை நான் கவனித்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒரு நிம்மதி வந்தது, அதை மறைக்கவும் இல்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அந்த கேம்ப்ல இன்னா டீச்சர் சொல்லித் தருவாங்க?"

"புதுசா நிறைய. சர்வீஸ், ஃபுட்வொர்க் எல்லாம்."

"உங்களுக்குத் தெரியாததா?"

"எனக்குத் தெரியாததும் இருக்கும்."

தூக்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "அப்ப அங்க போயிட்டு வர்ற பொண்ணு எல்லாத்தையும் கத்துக்கினு வந்துடும். போகாதது அப்படியே நிக்கும். அப்படித்தானே?"

நான் தலையை ஆட்டினேன்.

"பாய், வேலூர்ல எங்க அக்கா வீடு இருக்கு. கிரவுண்டுக்குப் பக்கம்தான். உங்க பொண்ண நான் இட்டுக்கினு போறேன். எம் பொண்ணும் வரும். உள்ள விடலன்னா வெளிய நின்னு பாக்கட்டும். அப்படி இன்னாதான் சொல்லித் தராங்கன்னு நானும் பாக்கறேன்."

பாய் கோட்டம் எடுக்கிற சாவியைக் கீழே வைத்தார். "உங்க கண்ணுலயே இருக்கணும் தங்கச்சி."

"என் கண்ணு அதுமேலதான பாய் இத்தினி நாளா இருக்குது" என்றார் கமலா.

திரைக்குக் கீழே தெரிந்த பாதம் ஓடிப்போயிற்று.

6. கற்றுக்கொண்டது

மூன்று வாரமும் கமலா ஒரு வேளை தவறாமல் கோர்ட் ஓரத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறார். முதலில் ஜெயந்திக்கு வெளியே ஓடுகிற ரிங்கைப் பொறுக்குகிற வேலை. பிறகு ப்ராக்டிஸுக்கு எதிர்ப்பக்கம் ஆள் வேண்டியிருந்ததால் நிற்கவைத்தார்களாம். தினமும் மும்தாஜுக்கு எதிரே நின்று ஆடினதில், அவள் எந்த ரிங்கை எப்படி எடுப்பாள் என்று ஜெயந்திக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. மும்தாஜ் ஜில்லாவுக்கு ஆடினாள். ப்ளஸ் ஒன்னும் சேர்ந்தாள்.

கமலா ஊர் திரும்பியதும் நேராக என்னிடம் வந்தார். "அங்க ஓட்டம் ஜாஸ்தி, ரிங்கு கம்மி டீச்சர். நீங்க ரிங்கே ஜாஸ்தி குடுக்கறீங்க." எனக்குக் கோபம் வந்தது. மறுநாளிலிருந்து ஓட்டத்தைக் கூட்டினேன்.

பெற்றோர்களுக்கு நான் சொல்வது இதுதான். ரிங்கில் சேர்த்தால் பொறாமை வரும். பிள்ளைக்கு வரும், உங்களுக்கு வரும், டீச்சருக்கும் வரும். வராமல் பார்த்துக்கொள்ள எனக்கு வழி தெரியாது. வீட்டில் உட்கார்ந்து எத்தனை பிடித்தாய் என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தப் பொறாமையைக் கூட்டிக்கொண்டு மைதானத்துக்கு வாருங்கள்.

இந்த வருஷ செலக்‌ஷனுக்கு இரண்டு பேரும் போகிறார்கள். போன வாரம் கரீம் பாய் பள்ளிக்கூட வாசலுக்கே வந்துவிட்டார். என்னவோ ஏதோ என்று போய்ப் பார்த்தேன்.

"டீச்சரம்மா, எம் பொண்ணு எப்படி ஆடுதுன்னு பால் கடைக்காரனுக்குத் தெரியுது, தெருவுக்கே தெரியுது. எல்லாம் அந்தத் தங்கச்சி சொல்லித்தான். எனக்குத்தான் தெரியல. இந்தத் தடவ கடைக்கு ஆள் வெச்சுட்டேன், நான் வரேன். எங்க நின்னா நல்லாத் தெரியும்?"

சர்வீஸ் கோட்டுக்கு நேராக, பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றால் பிள்ளையின் முகம், கை, ரிங் எல்லாம் தெளிவாகத் தெரியும். நான் நிற்கிற இடம் அது, விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. அவரை வலைக்கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டேன்.