பதினைந்தில் நின்ற முள்

என் கணவர் வேகமாகக் கார் ஓட்டியவர் என்று நான் சொன்னால் என் மகள் சிரிப்பாள். அவள் அறிந்த அப்பா, சைக்கிளில் வருகிறவர் மணி அடித்தாலே ஒதுங்கி வழிவிடுகிறவர். கலியாணமான புதிதில் அவர் அப்படி இருக்கவில்லை. பளைப் பக்கத்தில் ஒரு தென்னந்தோட்டத்தை மேற்பார்வை செய்வது அவருடைய வேலை. தோட்டத்துக்காரர் வேலையோடு ஒரு பழைய காரையும் கொடுத்திருந்தார். மேலே துணிக்கூரை, பக்கங்களெல்லாம் திறந்தபடி. அதைக் கண்டி வீதியில் அவர் விட்டாரென்றால் நான் ஒரு கையால் சேலைத் தலைப்பையும் மறு கையால் கொண்டையையும் பிடித்துக்கொண்டு வழி முழுவதும் அவரைத் திட்டிக்கொண்டு வருவேன். உள்ளுக்குள் எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

முதல் பிள்ளை வயிற்றில் ஐந்து மாதமாக இருந்தபோது வட்டுக்கோட்டையில் அவருடைய வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினோம். பின்னால் மழை கறுத்துக்கொண்டு வந்தது. நான் நனையக்கூடாது என்று அவர் ஓட்டினார். நாங்கள் நனையவில்லை. மறுநாள் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பிள்ளை போய்விட்டது.

யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. எல்லாம் விதி என்றார் என் அம்மா. நான் அழுதேன், எனக்கு வாய் இருக்கிறது, அக்கம்பக்கம் கூடும்படி அழுதேன். அவர் அழவில்லை. தோட்டத்துக்குப் போனார், வந்தார், போட்டதைச் சாப்பிட்டார். அந்தப் பிள்ளையைப் பற்றி எங்கள் இருவருக்கும் இடையில் அதற்குப் பிறகு ஒரு சொல் கிடையாது. இந்த மனுஷனுக்கு நெஞ்சு கல்லோ என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

ஆனால் காரை மாற்றினார். தோட்டத்திலிருந்து கண்டி வீதிக்கு வருகிற பாதை முழுவதும் மணல், நடுநடுவே தென்னை வேர். காரின் மெல்லிய சக்கரங்கள், எங்கள் பேச்சில் சில்லுகள், மணலில் புதையும், வேரில் ஏறித் தொப்பென்று விழும். யாழ்ப்பாணத்தில் பழைய லொறிகளை உடைத்து விற்கிற ஒருவரிடம் போய்ப் பெரிய, பருத்த சில்லுகளாகப் பார்த்து வாங்கி வந்தார். அவை பொருந்துவதற்காகக் கொல்லரைப் பிடித்து, சில்லை மூடுகிற மட்காட்டை வெட்டி, அடியில் இரும்பு கொடுத்து உயர்த்தி, பின் இருக்கையைக் கழற்றிவிட்டுத் தேங்காய் ஏற்றப் பலகைப் பெட்டி ஒன்றும் அடித்தார். வீடு வந்த காரைப் பார்த்தால், வெள்ளத்துக்குச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிற பெண்பிள்ளை மாதிரி இருந்தது. நான் அதில் ஏறுவதற்கு ஒரு முக்காலி வேண்டியிருந்தது.

“உதென்ன கோலம்?” என்று கேட்டேன்.

“இனிக் குலுங்காது” என்றார். 

நான் மறுபடியும் உண்டானேன். மாதத்துக்கு ஒருமுறை யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்ட வேண்டும். ரயிலில் போகலாமே என்றேன். ரயில் பெட்டியின் படி உயரம், ஏறி இறங்கக் கூடாது என்றார். முக்காலி வைத்து ஏறுகிற காரை வாசலில் நிறுத்திவைத்துக்கொண்டு அவர் சொன்ன நியாயம் இது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் அம்மா என்னைப் பார்த்துவிட்டு, “பயப்பிட ஒண்டும் இல்லை. மெல்லமாய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ, அவ்வளவு காணும்” என்றார்.

“மெல்லமாய் எண்டால் எத்தினை மைல்?” என்று கேட்டார் இவர்.

டொக்டர் அம்மா இவரை ஏற இறங்கப் பார்த்தார். அப்படிக் கேட்ட ஆண்பிள்ளையை அவர் அதற்கு முன் கண்டிருக்கமாட்டார். “அதை நான் என்னண்டு சொல்லுறது? சரி, ஒரு பதினைஞ்சு எண்டு வையுங்கோவன்.”

சும்மா வாயில் வந்த எண் அது. இவர் அதை உபதேசம் கேட்டவர் போல வாங்கிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து வீதியில் ஏறினால் ஸ்பீடோமீட்டர் முள் பதினைந்தைத் தொட வேண்டும், தாண்டக்கூடாது. ஒரு கண் வீதியில், ஒரு கண் முள்ளில். பேச்சுக் கொடுத்தால் பதில் இராது. சாவகச்சேரி தாண்டுவதற்குள் எனக்குக் கொட்டாவி வந்துவிடும்.

ஆனால் இரண்டாம் தடவை போகும்போதே எனக்கு ஒன்று இடித்தது. புதிதாய்க் கலியாணம் செய்த நாட்களில், சந்தைக் கூட்டத்துக்குள் பதினைந்தில் போனால் என் சேலைத் தலைப்பு மடியில் சும்மா கிடக்கும். இப்போது அதே பதினைந்தில் தலைப்பு எழும்பி அவர் முகத்தில் அடித்தது. அதை எடுத்து இடுப்பில் செருக வேண்டியிருந்தது.

“இஞ்சருங்கோ, உது பதினைஞ்சு இல்லை” என்றேன்.

“முள்ளைப் பாரும்.”

“முள்ளு என்னத்தைக் காட்டினாலும் காட்டட்டும். என்ரை சேலைக்குத் தெரியும்.”

“உமக்குப் பயம். அதுதான் சும்மா இருக்கிற காத்தும் புயலாய்த் தெரியுது.”

எனக்கா பயம்? எனக்கு வந்தது கோபம். அடுத்த தடவை போகும்போது, என் வாயை அடைப்பதற்காகவே, அவர் தன் சட்டைப்பை மணிக்கூட்டைக் கழற்றி என் கையில் தந்தார். எங்கள் பக்கத்தில் மைல் என்று யாரும் சொல்வதில்லை, கட்டை என்பார்கள். வீதியோரத்தில் நட்டிருக்கிற மைல்கல்லுக்கும் அதுதான் பெயர். பதினைந்து மைல் வேகமென்றால் ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்குப் போக நாலு நிமிஷம் ஆக வேண்டும் என்று கணக்குச் சொன்னார். நான் பிறந்த ஊர் அந்த வீதியில்தான் இருக்கிறது. அந்த ஊருக்குள் வருகிற வீதி வளைவில்லாமல் நேரே கிடக்கும். அங்கே பார்ப்பதென்று முடிவாயிற்று.

கட்டையைக் கடந்ததும் “இப்ப” என்றார். நான் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த கட்டையைக் கடந்ததும் மறுபடி “இப்ப” என்றார். நாலு நிமிஷம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

என் மூக்கு உடைந்துவிட்டது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தப் பிள்ளை போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதனால் என் தோல்வி எனக்கு அவ்வளவாகக் கசக்கவில்லை. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

ஆவணியில் எங்கள் ஊர்க் கோயிலில் தேர்த்திருவிழா வந்தது. அதற்குள் நான் பயந்த ஐந்தாம் மாதம் தாண்டியிருந்தது. பிள்ளை உள்ளே துடிக்கத் தொடங்கியிருந்தது. அம்மா வீட்டுக்குப் போனோம். சனநெரிசலுக்குள் போகக்கூடாது என்று என்னை வேலிப் படலைக் கதவோடு நிறுத்திவிட்டார்கள். அங்கே நின்றாலே தேர் வீதி மூலையில் திரும்புவது தெரியும். இவரும் என் பக்கத்தில் நின்றார். வடம் பிடித்துக் களைத்துப்போன அண்ணை, தண்ணீர் குடிப்பதற்காக எங்களிடம் வந்தார்.

“எப்பிடி மச்சான் எங்கடை புதுத் தேர்?” என்று இவரைக் கேட்டார். “பழையதைவிட அகலம். போன வருஷ வெள்ளோட்டத்திலை, கண்டி வீதி மூலையிலை திரும்பேக்கை கட்டையிலை இடிக்கப் பாத்தது. பிறகு நாங்கள் கட்டையைக் கிளப்பி அங்காலை நட்டுவிட்டம்.”

“எந்தக் கட்டையை?”

“உந்த மைல் கட்டையைத்தான். சும்மா கிளப்பேல்லை. ஐயரிட்டை நாள் கேட்டு, தேங்காய் உடைச்சு, கற்பூரம் கொளுத்தித்தான் கிளப்பினது.”

இவருடைய முகம் மாறியதை நான் கண்டேன். “எவ்வளவு தூரம் அங்காலை?” என்று கேட்டார்.

“அதையேன் கேக்கிறியள்! ஒருத்தரும் தங்கடை படலை வாசலிலை நட விடேல்லை. ‘என்ரை எல்லைக்குள்ளை வருது, என்ரை வேலியைத் தொடுது’ எண்டு ஒவ்வொருத்தரும் மறிக்க மறிக்கத் தள்ளித் தள்ளிப் போய், கடைசியிலை மதகடியிலைதான் இடம் கிடைச்சது. கால் கட்டைத் தூரத்துக்குக் கொஞ்சம் குறைய வரும்.”

“ரோட்டுக்குப் பொறுப்பான ஓவசியர் ஒண்டும் சொல்லேல்லையோ?”

“அவரும் எங்களோடை வடம் பிடிச்சவர்தானே” என்று சொல்லிவிட்டு அண்ணை தேரடிக்கு ஓடினார்.

இவர் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தேர் சுற்றி முடித்து இருப்புக்கு வருமுன் ஒரு மனுஷன் காரை எடுக்கிறாரே என்று சனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அந்தக் கட்டை வரைக்கும் நாங்கள் நாலு நிமிஷத்தில் ஓடியது ஒரு மைல் அல்ல, ஒரு மைலுக்கு மேலே. அப்படியானால் என் சேலை சொன்னதுதான் சரி. அவர் வரட்டும், ஒரு வருஷத்துக்குப் போதுமானதைச் சேர்த்துச் சொல்வேன் என்று காத்திருந்தேன்.

திரும்பி வந்து காரை வளவுக்குள் வேம்பின் கீழ் நிறுத்தினார். இறங்கவில்லை. நான் போய் முக்காலியில்லாமல் கஷ்டப்பட்டு ஏறிப் பக்கத்தில் இருந்தேன்.

“ஒருத்தரும் கிளப்பாத கட்டையளிலை ஓடிப் பாத்தனான்” என்றார். “முள்ளு பதினைஞ்சிலை நிக்கேக்கை கார் பதினெட்டிலை ஓடுது.”

“நான் சொன்னனானே! சொன்னால் ஆர் கேக்கிறியள்?”

 மீட்டர்க் கண்ணாடியை விரலால் துடைத்துவிட்டு, “உம்மட்டைச் சாந்து இருக்கோ?” என்று கேட்டார்.

பொட்டு வைக்கிற சாந்துச் சிரட்டையை அம்மாவிடம் வாங்கி வந்து கொடுத்தேன். முள் பன்னிரண்டரையில் நின்றால்தான் உண்மையான பதினைந்து, அந்த இடத்தில் கண்ணாடிமேல் ஓர் அடையாளம் வைக்க வேண்டும் என்றார். “சில்லுப் பெருத்துப்போச்சு. ஒருக்காச் சுத்தினால் முந்தியைவிடக் கூடத் தூரம் போகுது. மீட்டருக்கு அது தெரியாது. அது இன்னும் பழைய சில்லெண்டு நினைச்சுக்கொண்டு எண்ணுது.” குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் வைத்த சாந்து கண்ணாடியில் இழுபட்டுப்போயிற்று. நான் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, பன்னிரண்டரைக்கு நேரே நானே ஒரு பொட்டு வைத்தேன்.

“இனிச் சரிதானே” என்றேன்.

“இவ்வளவு நாளும் உம்மைப் பதினெட்டிலை கொண்டு திரிஞ்சிருக்கிறன்.”

“அதுக்கென்ன இப்ப?”

“அண்டைக்கும் பதினெட்டுத்தான்” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. எந்த அன்றைக்கு என்று கேட்டேன்.

“வட்டுக்கோட்டையாலை வந்த அண்டைக்கு. மழை கறுத்துக்கொண்டு வந்துதே. நான் முள்ளைப் பாத்துத்தான் ஓடினனான். பதினெட்டைத் தாண்டேல்லை. அப்ப பழைய சில்லு, மீட்டர் பிழை சொல்லாது.” முள்ளைப் பார்த்தபடியே சொன்னார். “பதினெட்டிலை ஓடித்தான் அது போனது. இப்ப இந்தப் பிள்ளையையும் பதினெட்டிலை…”

இவ்வளவு நாளும் அந்த மனுஷன் வாய் திறக்காமல் சுமந்துகொண்டு திரிந்தது இதைத்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. லொறிச் சில்லு இதற்காக. டொக்டர் அம்மாவிடம் எண் கேட்டது இதற்காக. எனக்கு நெஞ்சு உருகியது. உருகினால் எனக்கு வாயில் ஏச்சுத்தான் வரும்.

“உங்களுக்கென்ன விசரோ? மாதா மாதம் பதினெட்டிலை போய் வந்த பிள்ளை இஞ்சை உள்ளுக்கை இருந்து உதைக்குது. ஒரேயொரு நாள் பதினெட்டிலை போனதாலைதான் மற்றப் பிள்ளை போச்சுதெண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை.”

“பிறகு?”

“அப்ப சில்லுச் சின்னன். குலுக்கம் கூட.”

“குலுக்கமாம்! அம்மா என்னை வயித்திலை வைச்சுக்கொண்டு மாட்டுவண்டிலிலை பருத்தித்துறைக்குப் போய் வந்தவ. வண்டிலைவிட உங்கடை கார் குலுக்கிச்சுதோ?”

அவர் என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் அப்படி நான் பார்த்ததில்லை.

“அப்ப காரணம் நான் இல்லையோ?” என்று கேட்டார்.

“நீங்கள் இல்லை.”

கோயிலில் தேர் இருப்புக்கு வந்துவிட்டது. மேளம் உச்சத்தில் அடித்தது. அதனால் அவர் அழுத சத்தம் வீட்டுக்குள் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்காது. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். நான் எப்போதோ அழுது முடித்துவிட்ட பிள்ளைக்காக அவர் அன்றைக்குத்தான் அழுதார். கல் என்று நான் நினைத்த நெஞ்சின்மேல் கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அது அபூர்வம்.

அழுகை ஓய்ந்த பிறகு, அந்தப் பிள்ளைக்குத் தான் ஒரு பெயர் யோசித்து வைத்திருந்ததாகச் சொன்னார். பெண்பிள்ளை என்று நினைத்திருந்தாராம். என்ன பெயர் என்று கேட்டேன். சொன்னார். நானும் அதை ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

மார்கழியில் மகள் பிறந்தாள். நல்ல சுகம், நல்ல குரல். என்ன பெயர் வைக்கலாம் என்று வீட்டில் எல்லாரும் ஆளுக்கொன்றாய்ச் சொன்னார்கள். நாங்கள் இருவரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. அது அவளுடைய அக்காவின் பெயர்.