துப்பாக்கியோடு வந்த விருந்தாளி

கிள்ளானுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் என் கணவர் கணக்கெழுதும் கிராணியாக இருந்தார். இளங்கன்றுகளைக் காட்டுப்பன்றிகள் தோண்டிப் போட்டதால், தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் சிபாரிசில் ஒரு துப்பாக்கி வாங்கினார். பட்டாளத்துச் சிப்பாய்கள் வைத்திருப்பதேதான். முன்பக்கத்து மரத்தைக் குறைத்து, கத்தி மாட்டும் இடத்தை எடுத்துவிட்டு, வேட்டைக்கென்று விற்றார்கள். முறைப்படி லைசென்ஸும் இருந்தது. அதை வைத்துச் சுட்ட பன்றிகளை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். எண்ணெய் போட்டுத் துடைத்த ஞாயிற்றுக்கிழமைகளுக்குத்தான் கணக்கே இல்லை. சோறு தின்னும் மேசையில்தான் துடைப்பார்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் என் தங்கைக்குப் பிரசவ நேரம் வந்தது. இருவருமாகப் போகலாம் என்றேன்.

"துப்பாக்கிய ஆளில்லாத வீட்டுல வச்சிட்டுப் போகக்கூடாது. சட்டம்."

"போலீஸ் ஸ்டேஷன்ல ஒப்படைச்சிட்டு வாங்களேன்."

"அங்க யாரு எண்ணெய் போடுவா? துருப்பிடிச்சிரும்."

நான் மட்டும் ரயிலேறினேன். குழந்தை பிறந்தது என்று மட்டும் தகவல் போன பிறகு, ஒரு சனிக்கிழமை காலை அவர் கிளம்பி வந்தார். வந்ததை எனக்குச் சொன்னது ஒரு போலீஸ்காரர். நீளமான துணி மூட்டையோடு ரயிலடியில் இறங்கியவரைப் பிடித்து, போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்திருந்தார்கள்.

போனேன். மேசைமேல் துப்பாக்கி கிடந்தது. எதிரே, முன்பு பட்டாளத்தில் இருந்த சீக்கியப் போலீஸ் சார்ஜன்.

"இது சிப்பாய்த் துப்பாக்கி," என்றார் மலாய் மொழியில். "லைசென்ஸ் இருக்கு என்கிறார். பார்க்கணும்."

அவர் கேட்டது நியாயந்தான். நான் கணவரைப் பார்த்தேன்.

"லைசென்ஸ் எங்கங்க?"

"அலமாரியில."

"துப்பாக்கிய மறக்காம எடுத்தீங்க."

"அத துணியில சுத்துற அவசரத்துல விட்டுட்டேன்."

தங்கை புருஷன் வேலைக்குப் போயிருந்தார். வேறு ஆளில்லை. பிள்ளை பெற்றவளுக்கு வைத்த பத்தியக் குழம்பைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு, கணவரிடம் வாங்கிய வீட்டுச் சாவியோடு கிள்ளானுக்கு ரயிலேறினேன். அங்கிருந்து மாட்டுவண்டியில் தோட்டம், மறுபடி வண்டி, மறுபடி ரயில். வழியெல்லாம் அவரைக் கேட்க வேண்டியதைச் சேர்த்து வைத்தேன்.

சாயங்காலம் ஸ்டேஷனுக்குள் நுழைந்தால், இருவரும் தேத்தண்ணி குடித்தபடி துப்பாக்கிமேல் குனிந்திருந்தார்கள். சார்ஜன் லைசென்ஸில் இருந்த நம்பரையும் இரும்பில் பொறித்திருந்த நம்பரையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, என் கணவரின் கையைக் குலுக்கி அனுப்பினார்.

"சார்ஜனும் பட்டாளத்துல இதே மாதிரிதான் வச்சிருந்தாராம்," என்றார் என் கணவர் தெருவில். "இவ்வளவு சுத்தமா ஒண்ண பார்த்ததே இல்லன்னு சொன்னாரு." அதன் குழலைப் பற்றியும் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றார். "இங்க பூட்டி வைக்க பெட்டி ஏதாச்சும் இருக்குமா?"

"பொம்பளப் பிள்ள," என்றேன். "நீங்க கேக்கல. நானே சொல்றேன்."

அவர் முகம் சிறுத்துவிட்டது. சேர்த்து வைத்ததில் ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை. குழாயடியில் எண்ணெய் வாடை போகக் கை கழுவிவிட்டு, உள்ளே போய்ப் பிள்ளையை வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு எங்கே கிளம்பினாலும் துப்பாக்கியைக் கிள்ளான் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டுத்தான் வந்தார். ஆனால் ஊர் திரும்பியதும் வீட்டுக்கு வரமாட்டார். என்னையும் மூட்டைகளையும் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, துருப்பிடித்ததா என்று பார்க்க நேரே அங்கேதான் போவார்.