ஜனவரி ஒன்று என்று பதிந்த அலை

நான் எடுத்த கடல் படங்கள் ஒவ்வொன்றோடும் நாள், நேரம், காற்று வந்த திசை, கடல் ஏற்றமா வற்றமா என்பதையெல்லாம் குறித்து வைப்பது என் வழக்கம். தேதி இல்லாத படத்தைப் பார்த்தால், பெயர் சொல்லாமல் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்ட விருந்தாளியைப் பார்ப்பதுபோல் எனக்கு இருப்புக்கொள்ளாது. அப்படிப்பட்ட என்னுடைய முதல் அலைப்படத்தில், இத்தனை வருடங்களாக நான் மேசைக்கு மேலே மாட்டி வைத்திருக்கும் படத்தில், தேதி தவறு. வலது மூலையில் ஆரஞ்சு நிறத்தில் ஜனவரி ஒன்று என்று பதிந்திருக்கிறது. உண்மையில் அது ஓண விடுமுறையின் கடைசிச் சனிக்கிழமை. அதற்கு முந்தைய சனி என்று அம்மா இன்றும் வாதிடுவாள். ஆனால் மறுநாளுக்கு மறுநாள் பள்ளி திறந்தபோது என் மூக்குத் தோல் வெயிலில் உரிந்திருந்தது, வகுப்பில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆகவே என் கணக்குதான் சரி.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. அப்பா வளைகுடாவில் இருந்ததால் நாங்கள் குளத்தூரில் அம்மாவின் வீட்டிலேயே இருந்தோம். அம்மாவுக்கு அண்ணனான மாமா, தங்கையான சித்தி, அம்மா, நான். மாமாவுக்குச் சபையில் பொறுப்பு உண்டு. ஆலயத்தில் என்ன நடந்தாலும் அது எந்த வருடம், எந்த ஞாயிறு, யார் பிரசங்கம் என்று கேட்டால் உடனே சொல்வார். வீட்டிலும் அவர் சொல்லும் தேதியே தேதி. என்னுடைய இந்தப் பழக்கம் யாரிடமிருந்து வந்தது என்று அம்மா அடிக்கடி வருத்தத்தோடு சொல்வதுண்டு.

சித்தி தனுவச்சபுரத்தில் கல்லூரிப் படிப்பு முடித்தவள். முடித்த கையோடு கோவளத்தில் ஒரு கம்ப்யூட்டர் மையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். வேலை முடிந்தபின் கடற்கரையில் அலைச்சறுக்கு சொல்லிக்கொடுப்பவர்களைப் பார்த்து நிற்கத் தொடங்கி, பிறகு பார்ப்பதை விட்டுத் தண்ணீரில் இறங்கிவிட்டாள். இது வீட்டுக்குத் தெரிந்தது, ஒருநாள் ஆட்டோவின் மேல் கட்டப்பட்டு ஒரு நீளமான பலகை வந்து இறங்கியபோதுதான். பக்கத்து வீட்டுக்காரர்கள் அதை இஸ்திரி போடும் பலகை என்று நினைத்து, இவ்வளவு பெரிதாக வாங்க என்ன அவசியம் என்று கேட்டார்கள். மாமா கடைசிவரை அதற்கு இஸ்திரிப் பலகை என்றே பெயர் வைத்திருந்தார்.

அந்த ஓணத்துக்குச் சற்று முன்பு, அலைச்சறுக்கு சொல்லிக்கொடுக்கும் இடத்தில் சிறுபிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கச் சித்தியை வேலைக்கு அழைத்தார்கள். விடுமுறை முடிந்ததும் சேர வேண்டும். சித்தியின் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது அவள் விஷயத்தைச் சொன்னாள். மாமா மீன் முள்ளைப் பொறுமையாக எடுத்து ஓரம் வைத்துவிட்டுச் சொன்னார்.

"எட்டி, நீ அந்தப் பலகையில படுத்துக் கெடக்கியத ஊரே பாத்தாச்சு. நின்னத ஒருத்தரும் பாக்கல்ல. நின்ன மாதிரி ஒரு போட்டோ காட்டு, பொறவு நான் வாயத் தொறந்தா கேளு."

மாமா அதைப் பேச்சை முடித்துவைக்கத்தான் சொன்னார். சித்தி அதை ஒப்பந்தமாக எடுத்துக்கொண்டாள். இரவு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அப்பா கொடுத்த கேமராவை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டாள்.

அப்பா அந்த ஜூனில் வந்தபோது கொண்டுவந்த சிறிய டிஜிட்டல் கேமரா அது. அதுவரை அதில் கோழி, வாழைக்குலை, அம்மாவின் முதுகு ஆகியவற்றைத்தான் எடுத்திருந்தேன். அதற்கு ஒரு குணம் உண்டு. பொத்தானை அழுத்தினால் உடனே எடுக்காது. ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் எடுக்கும். கோழிக்கு அது பெரிய குறையில்லை. அலைக்குப் பெரிய குறை என்பதை முதல் நாளே அறிந்துகொண்டேன். பொழியூர்க் கடற்கரையில் நின்று அன்று நான் எடுத்த படங்களில், அலை உண்டு, சித்தி இல்லை. பலகை உண்டு, சித்தி இல்லை. ஒன்றில் அவளுடைய இரண்டு பாதங்கள் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவள் நின்றாள் என்று என் கண் சொன்னது. கேமரா அதைச் சொல்லவில்லை. மாமாவிடம் என் கண்ணைக் கழற்றிக் காட்ட முடியாது.

கேமராவைக் கடற்காற்றிலிருந்து காப்பாற்ற நான் கண்டுபிடித்தது, அம்மாவின் பைபிள் உறை. ரெக்ஸினில் தைத்து, சுற்றிலும் ஜிப் வைத்தது. மழையில் ஆலயத்துக்குப் போனாலும் உள்ளே ஒரு தாளும் நனையாது. பைபிளை அலமாரியில் வைத்துவிட்டு உறைக்குள் கேமராவை வைத்தேன். அந்தக் கடைசிச் சனிக்கிழமை விடியலில், நானும் சித்தியும் வாசலில் இறங்கியபோது மாமா முற்றத்தில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். என் மார்போடு அணைத்திருந்த உறையைப் பார்த்து அவர் முகம் கனிந்தது. பிள்ளைகள் விடுமுறையிலும் ஜெபக்கூட்டத்துக்குப் போவது நல்ல காரியம் என்றார். தாம் அன்று நெய்யாற்றங்கரைக்குப் போய் ஒரு சபைக் காரியம் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். எங்களுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்ற பலகையை அவர் பார்த்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

போகும் வழியில் பேட்டரி தீர்ந்துவிட்டதாகக் கேமரா சொன்னது. முக்குக் கடையில் புது பேட்டரி வாங்கிப் போட்டேன். உடனே கேமரா இன்று என்ன தேதி என்று கேட்டு மின்னியது. ஆட்டோவில் சித்தி அவசரப்படுத்தினாள். கேட்ட கேள்விக்கெல்லாம் சரி, சரி என்று பொத்தானை அழுத்திவிட்டு ஓடினேன்.

எங்கள் கடல் மேற்கே இருப்பதால் காலையில் சூரியன் நமக்கு முதுகுப்பக்கம் வரும். அலை எழும்போது அதன் உட்புறம் பச்சைக் கண்ணாடிபோல் தெரியும். அந்த ஒளி கிடைக்கும் நேரம் கொஞ்சம்தான். சித்தி பலகையோடு இறங்கினாள். கரையில் ஒரு மீன்பிடி வள்ளத்தைக் கடலுக்குள் தள்ளுவதற்காக ஆட்கள் சுற்றி நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருவர், பிள்ளே, எஞ்சினை வீட்டில் மறந்து வைத்துவிட்டாயா என்று கேட்டார். பெட்ரோல் விலை கூடிப்போச்சு அண்ணாச்சி என்றாள் சித்தி. கூட்டம் சிரித்தது.

சித்தி முதல் இரண்டு அலைகளைத் தவறவிட்டாள். நானும் தவறவிட்டேன். மூன்றாவது அலை அவளைப் பலகையோடு தூக்கிக் குப்புறப் போட்டது. பலகை மட்டும் துள்ளி மேலே வந்தது. சித்தி வரவில்லை. நான் கேமராவைத் தாழ்த்திக்கொண்டு அப்படியே நின்றேன். வள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ தடதடவென்று ஓடும் சத்தமும், "அண்ணாச்சியே, அங்கோட்டு போவாதீங்க, இழுக்கும்" என்று வள்ளக்காரர் ஒருவர் கத்துவதும் கேட்டது. அவர்களுக்குள் ஏதோ என்று நினைத்தேன். என் கண் கடல்மேலேயே இருந்தது. சற்று நேரத்தில், நான் பயந்த இடத்தில் அல்லாமல் வேறொரு இடத்தில், சித்தியின் தலை வெளியே வந்தது. அவள் இருமினாள், மூக்கைச் சிந்தினாள், கையை உயர்த்தி எனக்கு ஆட்டினாள். பிறகு மறுபடியும் பலகையைப் பிடித்துக்கொண்டு கடலை நோக்கியே போனாள்.

அப்போதுதான் நான் ஒன்றைக் கவனித்தேன். வள்ளக்காரர்கள் வள்ளத்தில் கையை வைத்தபடி தள்ளாமல் நின்றார்கள். அவர்கள் நிற்கும்போதெல்லாம் பெரிய அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவை ஓய்ந்து கடல் தட்டையானதும் ஓவென்று கூவித் தள்ளினார்கள். அதாவது அவர்களுக்கு வேண்டாத அலைதான் எங்களுக்கு வேண்டிய அலை. முதல் வள்ளம் போய், அடுத்த வள்ளத்தைச் சுற்றி ஆட்கள் கூடினார்கள். நான் கடலைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர்களைப் பார்த்தேன். தோளைக் கொடுத்து நின்றவர்கள், ஒருவர் கையைக் காட்டியதும், தளர்ந்து நிமிர்ந்தார்கள். ஒருவர் பீடியைக்கூட எடுத்தார். நான் சித்தியை நோக்கி உறையைத் தலைக்கு மேலே சுழற்றினேன். அவள் பலகையில் படுத்துக் கையால் துழாவத் தொடங்கினாள்.

பின்னால் அந்த அலை எழுந்தது. சித்தி கைகளை ஊன்றினாள். கேமரா யோசிக்கும் நேரத்தை நான் முன்கூட்டியே கொடுத்துவிட முடிவு செய்தேன். அவள் இன்னும் எழவில்லை, முழங்கால்கூட மடங்கவில்லை, நான் அழுத்திவிட்டேன். கேமரா யோசித்தது. அந்த யோசனைக்குள் சித்தி எழுந்தாள்.

சிறிய திரையை என் உடம்பு நிழலில் வைத்துப் பார்த்தேன். பச்சை அலை. அதன்மேல் வெள்ளைப் பலகை. பலகையின்மேல், முழங்கால் வளைத்து, இரண்டு கைகளையும் விரித்து, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு சித்தி. நின்றுகொண்டிருந்தாள். நான் போட்ட சத்தத்தில் வள்ளக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பீடிக்காரர் திரையை எட்டிப் பார்த்து மெச்சி, இது கொள்ளாமே, எங்க வள்ளத்தையும் ஒண்ணு எடு மக்கா என்றார். எடுத்துக் கொடுத்தேன். அன்று நான் தொழில்முறைக் கலைஞராகிவிட்டதாக எனக்கு எண்ணம்.

பாறசாலையில் ஒரு ஸ்டுடியோவில் அன்றே பிரிண்ட் போட்டோம். மறுநாள் ஆராதனை முடிந்து, அதே மேசையில், மீன் குழம்புக்கு முன்னால், சித்தி படத்தை மாமாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். மாமா கையைத் துடைத்தார், கண்ணாடியை மாட்டினார். அலையைப் பார்க்கவில்லை. நேராக மூலையைப் பார்த்தார்.

ஜனவரி ஒன்று என்று வாசித்தார். புத்தாண்டு ஆராதனையில் நாம் எல்லோரும் இருந்தோமே என்றார். சித்தி தமக்கு முந்தின பெஞ்சில் நீலச் சேலையில் இருந்ததையும், பாட்டை ஒரு சுருதி மேலே பிடித்ததையும் நினைவுபடுத்தினார். ஜனவரியில் இந்தக் கேமராவே நம்மிடம் இல்லை, அப்பா ஜூனில்தானே கொண்டுவந்தார் என்று கத்தினேன்.

"அதத்தான் மக்கா நானும் சொல்லுகேன். கேமரா வாறதுக்கு முன்னால எடுத்த படத்த, நீ எப்படி எடுத்த?"

என் வாதத்தை எடுத்து என் தலையிலேயே வைத்துவிட்டார். சித்தியின் முகத்திலிருந்த வெளிச்சம் போய்விட்டது. தேதி அச்சாகிவிட்டால் எங்கள் வீட்டில் அதற்கு மேல் விசாரணை கிடையாது. நான் எழுந்து ஓடிப்போய் பைபிள் உறையைக் கொண்டுவந்தேன். அம்மா அதை அடையாளம் கண்டுகொண்டு முறைத்தாள். படம் கேமராவுக்குள்ளேயே இருக்கிறது, சித்தியின் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறேன் என்று பொத்தானை அழுத்தினேன். பதற்றத்தில் மறு பொத்தானும் அழுந்தியது. படம் பெரிதாகி, சித்தியை விட்டு நழுவி, இடது ஓரத்துக்குப் போய் நின்றது.

அங்கே, வள்ளத்தின் முனைக்கு அப்பால், தண்ணீரில் ஓர் ஆள் நமக்கு முதுகு காட்டி நின்றார். அவர் சட்டைக் காலரின் பின்புறத்தில் ஒரு குடை தொங்கியது. குடையின் வளைந்த பிடியில் சிவப்பாக ஏதோ சுற்றியிருந்தது.

ஆலய வாசலில் எல்லாக் குடையும் கறுப்பு. மழை ஞாயிறுகளில் குடை மாறிப்போவது எங்கள் சபையில் வழக்கம். தம் குடை மாறிவிடாமலிருக்க, பிடியில் வயரிங் வேலைக்கு வாங்கும் சிவப்பு டேப்பைச் சுற்றி வைத்தவர் ஒருவர்தான். அந்தக் குடை அந்த நேரம் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

கேமராவை அம்மா வாங்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இது அண்ணனுக்க குடையாக்கும்," என்றாள் மெதுவாக. "நேத்து வேட்டியில கடல் மண்ணு கெடந்தது. நான்தான் அலசிப் போட்டேன்."

நெய்யாற்றங்கரையில் கடல் இல்லை என்று நான் சேர்த்துச் சொன்னேன். யாரும் என்னை அதட்டவில்லை. மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டாமல் சட்டைப்பையில் வைத்தார். சோற்றைப் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டார். பிறகு என்னிடம் சொன்னார்.

"கேமராவுல தேதியத் திருத்தி வை மக்கா."

அவ்வளவுதான். சித்தி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து என்னைத் தூக்கிச் சுற்றினாள். நான் அப்போதே அவள் தோள் உயரம். இருவரும் சுவரில் மோதிக்கொண்டோம். திங்கட்கிழமை காலையில் ஆட்டோவின் மேல் பலகையை வைத்துக் கயிறு கட்டியது மாமாதான். முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். சித்தியிடம் பயிற்சி பெற்ற பிள்ளைகளில் சிலர் இன்று போட்டிகளுக்குப் போகிறார்கள். அவர்களையும் நான்தான் எடுக்கிறேன். இப்போது என் கேமரா யோசிப்பதில்லை. தண்ணீர் புகாத கூட்டுக்குள் அதை வைத்து நானே அலைக்குள் இறங்கிவிடுகிறேன்.

மாமாவின் பொய்யைப் பிடித்ததால் ஜெயித்தோம் என்று பள்ளியில் பல வாரங்கள் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நின்றதை நேரில் பார்த்த மனிதர் பிறகு ஏன் தேதியைப் பிடித்துத் தொங்கினார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. வெகுகாலம் கழித்து, கேமராவோடு கடலுக்குள் முதன்முதலாக இறங்கி, கால் நிலத்தை விட்டபோதுதான் அந்தப் படம் எனக்கு நினைவு வந்தது. கரையேறி, வீட்டுக்கு வந்து, மேசைக்கு மேலிருந்ததைக் கழற்றி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். வள்ளக்காரர்கள் எல்லோரும் மணலில் நிற்கிறார்கள். மாமாவுக்கு நீந்தத் தெரியாது. குளத்தில்கூட அவர் படியைத் தாண்டியதில்லை. சித்தி முங்கிப்போனபோது ஓடி இறங்கியவர், அவள் எழுந்து கையாட்டிய பிறகும் கரையேறவில்லை. அடுத்த அலைக்காக அவள் காத்துக்கிடந்த நேரமெல்லாம் அங்கேயே நின்றிருக்கிறார். அன்று அந்த மேசையில் நான் குடையை மட்டும்தான் பார்த்தேன். தண்ணீர் அவர் இடுப்புக்கு மேலே இருந்தது.