வாசற்படியில் நின்ற சிலுவை

எங்கள் தோட்டத்துக்கே நேரம் சொன்ன மனிதர் இராயப்பன் அண்ணன். தேயிலை அரைக்கிற ஸ்டோரில் ஆலைச் சங்கு ஊதுவது அவர் வேலை. விடியக்கருக்கலில் அவர் சங்கை இழுத்தால்தான் வரிசை வீடுகளான எங்கள் லயங்களில் அடுப்பு எரியும், சனம் பேர் கொடுத்து வேலை வாங்கப் பெரட்டுக்கு ஓடும். மழையோ பனியோ, காய்ச்சலோ இருமலோ, அந்தச் சங்கு ஒரு நாளும் பிந்தியதில்லை. துரையே அதைக் கேட்டுத்தான் தன் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார் என்று சொல்வார்கள்.

சொந்த வேலை என்று வந்துவிட்டால் மட்டும் அந்த மனிதருக்குப் பொழுதே விடியாது. கூரைத் தகரத்தில் ஓட்டை விழுந்தால் கீழே ஒரு சட்டியை வைப்பார். சட்டி நிரம்பினால் வாளியை வைப்பார். "மழ விடட்டும் தங்கச்சி, பாப்போம்" என்பார். மழை விட்டால், "இப்பத்தான் ஒழுகலயே" என்பார். நான் அதே லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்தவள். பிள்ளை மடுவத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயா. பகல் முழுக்கப் பிள்ளைகளை அதட்டிவிட்டு வந்து, சாயங்காலம் இவரை அதட்டுவேன். சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார். ஒன்றும் நடக்காது.

அவர் பெண்சாதி தெரேசா எழுபத்து நாலில், தோட்டம் தோட்டமாகச் சனத்தைக் கொண்டுபோன பஞ்சத்தில் செத்தாள். அரிசியும் இல்லை, மாவும் இல்லை. கிடைத்ததைப் புருஷனுக்கும் மகன் சிறிலுக்கும் போட்டுவிட்டு, வெறுந்தேத்தண்ணியைக் குடித்துக் குடித்தே ஓய்ந்துபோனாள். சாகிற அன்றைக்கு அவர் கையைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"எங்கம்மா எந்த எடத்துல கெடக்குதுன்னே எனக்குத் தெரியாதுங்க. அதுக்கு மேல தேயில நட்டுட்டாங்க. என்னயும் அப்புடித் தொலச்சுப்புடாதீங்க. சீமெந்துல ஒரு சிலுவ வச்சிருங்க."

"வச்சிர்றேன் புள்ள" என்றார்.

சவக்காலையின் கீழ்ப்பக்கத்தில் அவளைப் புதைத்தோம். அப்போதைக்கு இரண்டு கட்டைகளைக் குறுக்கே ஆணியடித்து, தாரில் பெயர் எழுதி நட்டார். நவம்பர் பிறந்தால் கல்லறைத் திருநாள் வரும். சனமெல்லாம் புல் வெட்டிச் சுண்ணாம்பு அடித்து மெழுகுதிரி கொளுத்துவார்கள். இவர் பெயர் அழிந்து சாய்ந்த கட்டையை நிமிர்த்திக் கம்பியால் கட்டிவிட்டு, "அடுத்த திருநாளுக்குள்ள சீமெந்துதான் தங்கச்சி, பாருங்க" என்பார். பார்த்தேன், வருஷா வருஷம் பார்த்தேன்.

ஒரு தடவை என் நச்சரிப்புத் தாங்காமல் கொட்டகலை டவுனில் யார் யாரிடமோ சொல்லிவைத்து, தட்டுப்பாட்டுக் காலத்திலும் ஒரு மூட்டை சீமெந்து கொண்டுவந்துவிட்டார். எனக்கு அப்படியொரு சந்தோஷம். அவரோ அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, மேசனிடம் நாளைக்குச் சொல்கிறேன் என்றார். இந்த ஊர் ஈரம் சும்மா விடுமா? மூட்டை அப்படியே இறுகிக் கல்லாகிவிட்டது. அதை வெளியே உருட்டிப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டார் மனிதர். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு அவரோடு பேசவேயில்லை.

எண்பத்தொன்றில் ஒரு காலையில் பெரட்டில் கணக்கப்பிள்ளை சத்தம்போட்டுச் சொன்னார்: "சவக்காலைக்குக் கீழ்ப்பக்கம் சனிக்கெழம துப்புரவாக்கிப் புதுத் தேயிலக் கன்னு நடப்போறோம். சீமெந்து வச்ச குழிங்களத் தொட மாட்டோம். மத்தவங்க வெள்ளிக்குள்ள கல்லக் கில்ல நட்டு அடையாளம் வச்சுக்கங்க."

நான் நேரே ஸ்டோருக்குப் போய்ச் சொன்னேன்.

"தெரியும், தெரியும். வெள்ளிக்கு இன்னும் நாள் கெடக்கே" என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நல்ல மழை. குடையை விரித்தவர் திரும்ப மடக்கினார். "மேல்மூலையிலருந்துதான் வெட்டிக்கிட்டு வருவாங்க. நம்ம பக்கம் வர திங்களாயிரும். நாளைக்கு மத்தியானம் வேல விட்டதும் மொத வேல அதுதான்."

"அண்ணே, இப்பப் போங்க. கையெடுத்துக் கும்புடுறேன்" என்றேன். அவர் போகவில்லை.

சனிக்கிழமை விடியலில் சங்கு ஊதியது. அன்றைக்கும் ஒரு நிமிஷம் பிந்தவில்லை. அந்தச் சங்கைக் கேட்டுத்தான் ஆட்கள் மண்வெட்டியோடு புறப்பட்டுப் போனார்கள். போனவர்கள் கீழ்மூலையிலிருந்து தொடங்கிவிட்டார்கள்.

மத்தியானம் அவர் ஓடியபோது நானும் பின்னால் ஓடினேன். அங்கே வெட்டிக் கொத்திய செம்மண்ணும், ஓரத்தில் புகைந்துகொண்டிருந்த ஒரு குவியலும்தான் இருந்தன. கந்தப்பன் என்கிற எங்கள் லயத்துப் பையன்தான் மண்வெட்டியோடு நின்றான்.

"அடையாளம் இல்லாத கட்டயெல்லாம் குமிச்சு எரிச்சிட்டோம்ணே. யாரும் வந்து சொல்லலயே" என்றான். அவனைக் குற்றம் சொல்ல முடியுமா?

இராயப்பன் அண்ணன் அந்த மண்ணில் இங்கே நின்று பார்த்தார், அங்கே நின்று பார்த்தார். "இந்தா இங்கதான்" என்றார். பிறகு, "இல்ல, இன்னும் கொஞ்சம் அங்குட்டு" என்றார். எனக்கும் தெரியவில்லை. வருஷா வருஷம் மெழுகுதிரி கொளுத்திய எனக்கே தெரியவில்லை. பாவி மனுஷா என்று வாய்விட்டுத் திட்டினேன். திட்டிக்கொண்டே அழுதேன்.

அந்த மாதமே மேசனிடம் சொல்லிச் செய்த சிலுவை வந்துவிட்டது. அழகான சீமெந்துச் சிலுவை, நடுவில் தெரேசா என்று கொத்திய எழுத்து. தோளில் சுமந்துகொண்டு சவக்காலைக்குப் போனவர், அந்தி சாயும்போது சுமந்தபடியே திரும்பி வந்தார்.

"எங்கயாச்சும் நட்டுட்டு வாங்கண்ணே. அவ கோவிச்சுக்க மாட்டா" என்றேன்.

"யாரோ ஒருத்தி தலமாட்டுல இவ பேர வைக்கிறதா? வேணாம் தங்கச்சி" என்று சொல்லி, காம்பரா வாசற்படியில் அதைச் சாய்த்துவைத்தார். கொஞ்சம் பொறுத்து, "சிலுவய வச்சிட்டா அவ போனது போனதுதான்னு ஆயிருமேன்னு இருந்துச்சு" என்றார். அதை நான் பாதிதான் நம்பினேன். மீதி சோம்பல்.

அதற்குப் பிறகு மனிதர் மாறிப்போனார். காலையில் எழுந்ததும், அன்றைக்குச் செய்ய வேண்டிய வேலைக்குரிய சாமானை வாசற்படியில் வரிசையாக வைப்பார். கம்பி ஒடிந்த குடை, ஓட்டை வாளி, மொட்டைக் கத்தி. எதையும் தாண்டிக்கொண்டு வெளியே கால் வைக்க மாட்டார். ஒவ்வொன்றாக முடித்துத்தான் எடுத்து உள்ளே வைப்பார். கூரை ஒழுகுவது நின்றது. அடுத்த லயத்துச் சனமும் சாமான் கொண்டுவந்து அந்த வரிசையில் வைத்துவிட்டுப் போகும். இராயப்பனைப் பார்த்துப் படியுங்கடா என்று பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். எனக்கு எரிச்சலாக வரும். இந்தச் சுறுசுறுப்பு அந்த வெள்ளிக்கிழமை எங்கே போயிருந்தது? பொழுது சாய்ந்தால் வரிசையில் எல்லாம் தீர்ந்துவிடும், சிலுவை மட்டும் நிற்கும். அவர் அதைத் துடைத்துவிட்டுக் கதவைச் சாத்துவார்.

எண்பத்தாறில் நெஞ்சுச் சளியில் படுத்தார். படுக்கையில் என்னைக் கூப்பிட்டு, "என்னயப் பொதைக்கிறப்ப அத எம்மேல நட்டுருங்க தங்கச்சி. அப்பயாச்சும் அவளுக்கு ஒரு எடம் கெடைக்கட்டும்" என்றார். அவரைப் புதைத்த அன்றே, மண் காயுமுன்னே, நின்று நட்டுவிட்டுத்தான் வீடு திரும்பினேன். வாசற்படி வெறுமையாகக் கிடந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

இன்றைக்கும் அந்தச் சிலுவையில் தெரேசா என்றுதான் இருக்கிறது, கீழே கிடப்பது இராயப்பன். அப்பா பெயரையும் எழுது என்று சிறிலிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "அடுத்த திருநாளுக்குள்ள கட்டாயம் எழுதிர்றேன் அத்த" என்கிறான். அதே சிரிப்பு. நேற்றுச் சாயங்காலம் பெயின்ட் டப்பாவையும் தூரிகையையும் கொண்டுபோய் அவன் வாசற்படியில் வைத்துவிட்டு வந்தேன்.

காலையில் சங்கு ஊதியது. நான் கதவைத் திறந்து பார்த்தேன். டப்பாவைத் தாண்டிக்கொண்டு அவன் வேலைக்குப் போனான்.